கைகுலுக்கிப் பேசிய ஆட்டம்

மூர்லாகே
6 நவம்பர் 1983, ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

இங்கே மழையும் நாங்களும் வழக்கம்போல இருக்கிறோம். அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. உனக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா, அறையில் குளிர் தாங்குகிறதா என்று கேட்கச் சொன்னாள். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் அது கூடத்தில் இருக்கிறது, அப்பாதான் எடுக்கிறார், நீயும் அவரும் "சரி, சரி" என்றே முடித்துவிடுகிறீர்கள். எனக்கோ அதைக் காதில் வைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுதினால் வருகிறது.

நான் பள்ளியை விட்டது பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு நன்றி. இப்போது வூபன் விடுதியில் சமையலறை வேலை. உருளைக்கிழங்கு உரிக்கிறேன், தட்டுகளைச் சின்ன ஜன்னல் வழியாகக் கூடத்துக்குத் தள்ளுகிறேன். குடிக்க வருபவர்களுக்கு என் கைகள் மட்டும்தான் தெரியும். எனக்கு அவர்கள் பேசுவது எல்லாம் கேட்கும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

முக்கியமான செய்தி. வெள்ளிக்கிழமை வூபன் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னார். உன்னை ஹெரன்ரோடே கால்பந்து அணிக்கு அனுப்பியபோது நம் ஊர்ச் சங்கத்தின் தலைவராக அவர் பணம் கேட்கவில்லையாம். "உங்க அணியை ஒரு தடவ எங்க ஊருக்குக் கூட்டிட்டு வந்து ஆடுங்க" என்று மட்டும் கேட்டு, அவர்கள் மேலாளரோடு கைகுலுக்கிவிட்டு வந்தாராம். வருகிற ஜூலை, நம் சங்கத்தின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு வருகிறார்கள். வழக்கப்படி முதல் பாதி நீ நம் சட்டையில், இரண்டாம் பாதி அவர்கள் சட்டையில்.

எந்தப் பாதியில் நீ கோல் போடுவாய் என்று உடனே பந்தயம் ஆரம்பித்துவிட்டது. அப்பா சொன்னார்: "அவன் எங்க கோல் போடறான்? போடறவனுக்குக் குடுக்கறவன் அவன்." அந்தக் கூடத்தில் அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மறுநாளே புல் விதை மூட்டை வந்து இறங்கிவிட்டது. மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தானே, இனி ஜூலை வரை நமக்கு அப்பா கிடையாது என்கிறாள் அம்மா.

கால் நனையாமல் பார்த்துக்கொள்.
உன் தங்கை கெசீனா

*

ஹெரன்ரோடே
27 நவம்பர் 1983

அன்புள்ள கெசி,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் நன்றாக இருப்பது தெரிந்து நிம்மதி. நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா, ஓல்ஷெவ்ஸ்கி என்று பெயர், சுரங்கத் தொழிலாளியின் விதவை. தட்டு காலியாவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம்.

நான்கு ஆட்டங்களாகத் தொடக்கத்திலிருந்தே ஆடுகிறேன். ஆறாம் எண் சட்டை. எதிரணியில் பந்தைப் பங்குபோட்டுக் கொடுக்கும் ஆள் ஒருவன் இருப்பானல்லவா, அவனோடு ஒட்டிக்கொண்டே திரிவதுதான் என் வேலை. பயிற்சியாளர் சொல்வது: "அவன் கக்கூஸுக்குப் போனாலும் நீ கதவுக்கு வெளிய நிக்கணும்." பந்து கிடைத்தால் நன்றாக ஆடத் தெரிந்த நம் ஆளிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஓட வேண்டும். இங்கே என்னை யாரும் பார்ப்பதில்லை. நான் ஒழுங்காக ஆடினால் அந்த எதிராளியையும் யாரும் பார்ப்பதில்லை. உனக்கு இது புரியும் என்று நினைக்கிறேன்.

ஓல்ஷெவ்ஸ்கி அம்மா போன வாரம் ஆட்டம் பார்க்க வந்தார். திரும்பி வந்ததும், "இன்னைக்கு ஆடினது நீயா, உன் அண்ணனா?" என்றார். எனக்கு அண்ணன் கிடையாது என்றேன். "அப்ப நீதானா, பாவம்" என்று சொல்லி இன்னொரு கரண்டி அவரைக்காய்ச் சூப்பு ஊற்றினார்.

முட்டியில் ஒரு சின்ன அடி. ஒன்றுமில்லை. ஜூலை ஆட்டம் எனக்கும் சந்தோஷம் என்று அப்பாவிடம் சொல். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.

எல்லோருக்கும் என் அன்பு.
ஆன்ஸ்கர்

*

மூர்லாகே
2 ஜனவரி 1984

அன்புள்ள அண்ணா,

புது வருடம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். நாங்கள் சுகம். நீ வராததால் வாத்து மீந்து, மூன்று நாளும் அதையே சாப்பிட்டோம். விடுமுறையில் சிறப்புப் பயிற்சி என்று நீ தொலைபேசியில் சொன்னதாக அப்பா சொன்னார். அப்படித்தான் இருக்கும் என்று அம்மாவும் சொன்னாள். ஆனால் விடுதியில் வூபன் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தார். உங்கள் அணிக்கு மூன்றாம் தேதி வரை விடுமுறை என்று போட்டிருந்தது. அப்பா மழை எவ்வளவு பெய்திருக்கிறது பார்க்கிறேன் என்று வெளியே போய்விட்டார். மழை பெய்யவில்லை.

அதே செய்தித்தாளில் உன் படமும் இருந்தது. தடுப்புச் சுவர்போல நான்கு பேர் நிற்கிறீர்கள். நீ இடது காலில் மட்டும் நிற்கிறாய். நீ அப்படி நிற்க மாட்டாய், அண்ணா. மழையில் மாடு நிற்பதுபோல இரண்டு காலையும் ஊன்றித்தான் நிற்பாய். சின்ன அடி என்றாயே, எவ்வளவு சின்னது?

விடுதியில் ஜூலைப் பேச்சுதான். தீயணைப்புப் படை பெஞ்சுகள் போடுகிறது. பாதிரியார் சனிக்கிழமை மாலைப் பூசையைத் தள்ளிவைக்கச் சம்மதித்துவிட்டார்.

பதில் எழுது.
கெசீனா

*

ஹெரன்ரோடே
29 ஜனவரி 1984

அன்புள்ள கெசி,

வீட்டில் அனைவருக்கும் வணக்கம். அம்மா பின்னி அனுப்பிய காலுறைகள் வந்தன, அளவாக இருக்கின்றன.

இங்கே நல்ல பனி. ஓல்ஷெவ்ஸ்கி அம்மா தன் புறாக்களைப் பற்றிப் பேசுகிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு புறா பிரான்சிலிருந்து திரும்பி வந்ததாம், இன்னொன்று அடுத்த தெருவிலிருந்து திரும்பவில்லையாம். "உங்க அணியும் இப்படித்தான்" என்கிறார். பயிற்சியாளர் எனக்கு இப்போது ஃப்ரீகிக் அடிக்கவும் வாய்ப்புத் தருகிறார். ஒவ்வொரு வாரமும் ஆடுகிறேன். நாங்கள் அட்டவணையில் மேலே வந்துவிட்டோம். வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் ஆள் வழி முழுக்க ஊறுகாய் மீன் சாப்பிடுகிறான். நாங்கள் ஜன்னலைத் திறந்தால் ஓட்டுநர் திட்டுகிறார்.

அந்தப் படத்தை அப்பா பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால் காட்ட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஆன்ஸ்கர்

*

மூர்லாகே
12 பிப்ரவரி 1984

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். புறா இருந்தது, மீன் இருந்தது, ஓட்டுநர் இருந்தார். நான் கேட்டது இல்லை.

அதனால் இந்த முறை வேறு எதுவும் எழுதவில்லை. உன் முட்டிக்கு என்ன?

கெசீனா

*

ஹெரன்ரோடே
18 மார்ச் 1984

அன்புள்ள கெசி,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். சொல்கிறேன். ஆனால் இது அப்பாவுக்குப் போகக் கூடாது.

அக்டோபரில் ஒருவன் என் வலது முட்டியில் வந்து விழுந்தான். அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அணி மருத்துவர் ஒரு ஊசி போடுகிறார். போட்டால் ஆட்டம் முடியும்வரை முட்டி இருப்பதே தெரியாது. மறுநாள் அது முலாம்பழம் மாதிரி வீங்கும், நீரை எடுத்துவிடுவார். கிறிஸ்துமஸில் அதற்காகத்தான் இங்கேயே இருந்தேன். இங்கே இது பெரிய விஷயமில்லை. உடை மாற்றும் அறையில் ஊசிக்கு வரிசை நிற்கிறது.

பிப்ரவரியில் யாருக்கும் சொல்லாமல் வேறு ஊரில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். உள்ளே குருத்தெலும்பு கிழிந்திருக்கிறது என்றார். உடனே அறுவை செய்து, ஆறேழு மாதம் ஓய்வெடுத்தால் மறுபடி ஆடலாம். இப்படியே ஆடினால் ஒருநாள் அது முழுக்கப் பிய்ந்துவிடும், அதற்குப் பிறகு படியேறுவதே பாடு என்றார்.

என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இப்போது படுத்துவிட்டால் புது ஒப்பந்தம் கிடையாது. ஜூலை ஆட்டத்தைப் பற்றி மேலாளரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். நான் இல்லாவிட்டாலும் மூர்லாகேக்கு வருவீர்களா என்றேன். சிரித்தார். "நீ எங்க சட்டையில இருந்தா, ஆடினா, வர்றோம். இல்லன்னா அந்த ஊர் எங்க இருக்குன்னு எனக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார். வூபனோடு கைகுலுக்கினீர்களே என்றேன். "நான் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குக் கை குடுக்கறேன்" என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை, கெசி. வூபன் மாட்டுச் சந்தையில் செய்வதையே இங்கேயும் செய்துவிட்டு வந்திருக்கிறார்.

நீ யாரிடமும் பேசமாட்டாய் என்பதால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ஆன்ஸ்கர்

*

ஹெரன்ரோடே
6 மே 1984

அன்புள்ள கெசி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன், நீ சுகம்தான் என்றார்.

ஒரு நல்ல செய்தி. இன்னும் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். கையெழுத்தான பிறகு மேலாளரிடம் முட்டியைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். அவருக்கு முன்பே தெரியும். ஜூலையில் பயிற்சிக்கு ஓட வேண்டாம், உன் ஊர் ஆட்டத்தை மட்டும் ஆடிவிடு, விளம்பரத்தில் உன் பெயர் போயாகிவிட்டது, அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் போ என்றார்.

அந்த வெளியூர் மருத்துவரிடம் கேட்டேன். ஒரு ஆட்டம்கூட வேண்டாம், ஒரு பாதிகூட வேண்டாம் என்றார். எந்த ஆட்டத்தில் பிய்யும் என்று அவராலும் சொல்ல முடியாதாம். அப்படியானால் இதில் பிய்யாமலும் இருக்கலாம் அல்லவா? அப்பா விதை போட்டு, உருளை இழுத்து, ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த புல். அதில் நான் ஓட வேண்டும். ஊர் முழுக்க வந்து நிற்கும்போது கோட் போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்க என்னால் ஆகாது. மேலும், நான் ஆடவில்லை என்றால் அவர்கள் வரவே மாட்டார்கள்.

எனவே முடிவு செய்துவிட்டேன். நீ கவலைப்படாதே.

ஆன்ஸ்கர்

*

மூர்லாகே
17 ஜூன் 1984

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகம். பதில் எழுத உட்கார்ந்தேன், நிறைய முறை. ஒவ்வொன்றும் அடுப்புக்குப் போனது.

நம் ஊர் அணிக்கான உன் சட்டையில் அம்மா எண் தைத்துவிட்டாள். மைதானத்தைப் பார்த்தால் நம்ப மாட்டாய், மேஜை விரிப்பு மாதிரி இருக்கிறது. அப்பா அதன்மேல் பூட்ஸோடு நடக்க மற்றவர்களை விடுவதில்லை. லாம்பர்ஸ் தன் நாயோடு குறுக்கே போனாராம். "நாய் போகட்டும், நீ சுத்திப் போ" என்றாராம் அப்பா. லாம்பர்ஸ் டிராக்டர் பழுதுபார்ப்பதை விட்டுவிட்டு இதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அப்பா வியாழக்கிழமையிலிருந்து பேசவில்லை. பல்வலி என்கிறார்.

கெசீனா

*

மூர்லாகே
20 ஜூலை 1984, வெள்ளி

அன்புள்ள அண்ணா,

இது உன் கைக்கு வருவதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். நாளைய ஆட்டம் இல்லை. நம் மைதானம் சதுப்பு நிலத்தில் இருக்கிறது, வாய்க்கால் பம்பு ஓடாவிட்டால் நீர் கீழிருந்து மேலே வரும். புதன்கிழமையிலிருந்து நல்ல மழை. இன்று காலை போய்ப் பார்த்தபோது பம்பு நின்றிருந்தது. கோல் கம்பங்கள் தண்ணீரில் நிற்கின்றன. வூபன் உங்கள் மேலாளருக்குத் தொலைபேசி செய்தார். வேறு தேதி கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம்.

பம்பை ஓடவிட மறந்துவிட்டதாக அப்பா எல்லோரிடமும் சொல்கிறார்.

நாங்கள் சுகம்.
கெசீனா

*

ஹெரன்ரோடே
25 ஜூலை 1984

கெசி,

மறந்துவிட்டாரா? என்ன மறதி இது? நான் இந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பேருந்தில் பைகளைக்கூட ஏற்றிவிட்டோம். மேலாளர் என் காது கேட்கவே, "தண்ணிக்குள்ள ஒரு ஊரு, அதுக்கொரு சங்கம்" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

அப்பாவோடு இப்போது என்னால் பேச முடியாது. அவரிடம் அதைச் சொல்லிவிடு. திங்கட்கிழமை மருத்துவமனையில் சேர்கிறேன்.

ஆன்ஸ்கர்

*

ஹெரன்ரோடே, மருத்துவமனை
12 ஆகஸ்ட் 1984

அன்புள்ள கெசி,

நீயும் அப்பாவும் அம்மாவும் நலம்தானே? அறுவை முடிந்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டு. ஓல்ஷெவ்ஸ்கி அம்மா தினமும் சூப்பு கொண்டுவருகிறார், மருத்துவமனைச் சூப்பை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டு இதைக் குடிக்கச் சொல்கிறார்.

அறுவை செய்தவர் நேற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேசினார். "ஒரு நூல்ல தொங்கிட்டிருந்தது தம்பி. ஒரு திரும்பல், ஒரு மோதல் போதும், போயிருக்கும். கடைசியா எப்ப ஆடினே?" என்று கேட்டார். மேயில் என்றேன். ஜூலையில் ஒரு ஆட்டம் இருந்தது, மழையில் நின்றுவிட்டது என்றேன். "நல்ல மழை" என்றார்.

மறுபடி ஆட முடியுமா என்று வசந்தத்தில்தான் தெரியுமாம். ஆறாம் எண் சட்டையை இப்போது வேறொருவன் போடுகிறான். செய்தித்தாளில் என் முட்டியைப் பற்றி எல்லாம் வந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

படுத்துக்கொண்டே இருந்தால் யோசனை வருகிறது. என் முதல் நற்கருணை நாள் உனக்கு நினைவிருக்காது, நீ மிகச் சின்னவள். வெளியே மழை. விருந்தினரெல்லாம் மேஜையில் காத்திருக்க, அப்பா கோட்டு சூட்டோடு பம்பைப் பார்க்கப் போய், சேறோடு திரும்பி வந்தார். அந்த மனிதர் ஒரு பெரிய ஆட்டத்துக்கு முந்தின மூன்று நாள், மழை பெய்யும்போது, பம்பை மறந்தாரா?

உனக்குத் தெரிந்தால் எழுது.
ஆன்ஸ்கர்

*

மூர்லாகே
9 செப்டம்பர் 1984

அன்புள்ள அண்ணா,

கட்டு பிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் சுகம். நீ கேட்டது ஒரே கேள்விதான், ஆனால் எழுதச் சொல் கிடைக்க நாளாகிவிட்டது.

ஜூனில் ஒருநாள் அப்பாவுக்கு மைதானத்துக்குக் காபி கொண்டுபோனேன். சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணன் ஊசி போட்டுக்கிட்டுதான் ஆடுறான்பா. ஜூலைல ஆடினா முட்டி போயிடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னான்." அவர் நிற்கவில்லை. கோட்டை மூலைவரை போட்டு முடித்தார். பிறகு வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். எனக்கு மட்டும் என்றேன். "அப்படியே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அந்தப் பல்வலி.

மழை ஆரம்பித்த புதன்கிழமை அவர் பம்பு அறைக்குப் போனதை நான் பார்த்தேன். போய்விட்டு உடனே திரும்பினார். அன்று முழுக்க பம்புச் சத்தம் கேட்கவில்லை. அம்மாவும் கவனித்தாள். நாங்கள் மூன்று பேரும் ரொட்டி சாப்பிட்டோம்.

ஊரிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று பின்னால் கேட்டேன். அப்பா சொன்னார்: "சொன்னா வூபன் அன்னைக்கே காரை எடுத்துட்டு ஆன்ஸ்கர்கிட்ட போயிருப்பான். பத்து நிமிஷம் நில்லு போதும்னு கேப்பான். இவனும் நிப்பான். முடியாதுன்னு சொல்ல நம்ம வீட்டுல யாருக்கும் வராது."

ஆகஸ்ட் கடைசியில் விடுதியில் சங்கக் கூட்டம். மைதானப் பொறுப்பை அப்பாவிடமிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு. அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சமையலறையில். லாம்பர்ஸ் அப்பாவிடம், "ஹின்ரிக், வீட்டுக்குப் போற வழியாவது ஞாபகம் இருக்கா, இல்ல ஆள் அனுப்பணுமா?" என்றார். சிரித்தார்கள். அப்பா, "ஆமா, மறந்துதான் போச்சு" என்றார்.

என் கையில் பட்டாணி சூப்புத் தட்டு இருந்தது. அதை ஜன்னலில் வைத்தேன். குனிந்து தலையை ஜன்னலுக்குள் விட்டேன். எல்லோர் முகமும் ஒரே சமயத்தில் தெரிந்தது, பயங்கரமாக இருந்தது.

"அவரு மறக்கல. அவருதான் நிறுத்தினாரு. அண்ணன் ஆடியிருந்தா முட்டி போயிருக்கும். வேற எப்படிச் சொன்னாலும் நீங்க அவனை விட்டிருக்க மாட்டீங்க."

என் குரல்தான். கொஞ்சம் கிறீச்சென்று வந்தது. வூபன் அடுப்பு பேசியதுபோல ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "நான் அந்த ஆளுக்குக் கை குடுத்துட்டுல்ல வந்தேன்" என்றார். லாம்பர்ஸ் பீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாட்டுக்குக் குடுக்கற மாதிரி குடுத்தீங்க. மாடுன்னா காலையாவது தூக்கிப் பாத்திருப்பீங்க." இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. பொறுப்பு இப்போது பாதிரியாரின் அக்காள் மகனிடம் இருக்கிறது. அப்பாவுக்குத் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. விழாவுக்காக வாங்கிய தொத்திறைச்சியை வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். வூபன் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அன்று என்னிடம் சொன்னது, "சூப்பு ஆறுது" என்பது மட்டும். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா கோபமாக இருந்தார். சொல்லியிருக்கக் கூடாது என்றார். பாலத்தில், "சத்தமா சொன்னியே" என்றார்.

இதை எழுதும்போது அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டேன் என்கிறார். நீ படியேறுகிறாயா, மடக்கினால் வலிக்கிறதா, இரவில் தூங்குகிறாயா, மருத்துவர் சொன்னது சொன்னபடி என்ன என்று கேட்கச் சொல்கிறார். அக்டோபரில் உருளைக்கிழங்கு அறுவடை விடுமுறைக்கு ஊன்றுகோலோடாவது வா என்கிறார், ரயிலடிக்கு அவரே வருவாராம்.

பதிலை அவர் பெயருக்கே போடு.

கெசீனா